நடக்காததையும் எழுதலாம்

கதை என்றால் நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று எம்மில் பலர் நினைக்கின்றோம். 2009 இல் யுத்தம் முடிவடைந்த பின்னர் எம்மைத் தேடி வந்தவர்களும் நடந்ததையே கேட்டார்கள். சொல்ல முடிந்தவர்கள் சொன்னார்கள். சொல்ல முடியாதவர்கள் இன்னமும் எம்மத்தியில் இருக்கின்றார்கள். அவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு.

நான் எழுதுவது அதிகற்பனைக் கதைகள். வரப்போகும் காலம், இல்லாத ஊர், நடக்க முடியாத சம்பவம் என்பனவே அவற்றின் பொருள். பகலில் தையல் வேலை. இரவில், பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் மிஞ்சிய தாள்களில் எழுதுவேன். எனக்குக் கதை எழுதக் கற்றுத்தந்தவர்கள் நான் ஒருபோதும் சந்தித்திராத இரண்டு பெண்கள்.

புகையில்லாத சமையலறை

முதலாமவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். இன்று பங்களாதேஷில் உள்ள பைராபந்த் கிராமத்தில் 1880 இல் பிறந்தவர். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வராத குடும்பம் அது. வீட்டார் உறங்கிய பின்னர் இரவில் தமையனிடம் ஆங்கிலம் படித்தார்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதை, சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் சஞ்சிகையில் 1905 இல் வெளிவந்தது. அக்கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கின்றார்கள்; பெண்கள் நாட்டை நடத்துகின்றார்கள். சூரிய வெப்பத்தில் சமைக்கின்றார்கள். முகிலிலிருந்து நீர் எடுக்கின்றார்கள். விறகடுப்பில் கண் எரிந்தவர்களுக்கு இந்தக் கற்பனையின் பெறுமதி விளங்கும்.

ரொக்கேயா அறிந்திருந்தது அடைபட்ட வாழ்வை. அதை அப்படியே எழுதாமல் தலைகீழாகத் திருப்பினார். அநீதி என்று நேராகச் சொன்னால் கேளாதவர்களும் அக்கதையை வாசிப்பார்கள். பின்னர் 1911 இல் கல்கத்தாவில் 8 மாணவிகளுடன் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார்.

முழுதாகத் திரும்பாதவள்

இரண்டாமவர் ஒக்ரேவியா பட்லர். 1947 இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தார். அவ்வீடுகளுக்குப் பின்கதவால் நுழைந்த தாயை மகள் பார்த்துக்கொண்டு வளர்ந்தார். கோப்பை கழுவுதல் போன்ற வேலைகளைச் செய்துகொண்டே, அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். 1995 இல் மக்ஆதர் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. விஞ்ஞானக் கதை எழுதுபவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதற்தடவை.

1979 இல் வெளிவந்த அவரது ‘கின்ட்ரெட்’ நாவலில், இக்காலப் பெண்ணான டேனா, அடிமை முறை நிலவிய பழைய மேரிலாண்டுக்கு மீண்டும் மீண்டும் இழுத்துச் செல்லப்படுகின்றாள். எப்படி இழுபடுகின்றாள் என்பதற்கு விளக்கமே இல்லை. ஆனால் சாட்டை, பசி, வேலை எல்லாம் உண்மையானவை. அதற்காகப் பட்லர் மேரிலாண்டுக்கு பஸ்ஸில் சென்று தகவல் தேடினார்.

கடைசியில் டேனா ஒரு கையை இழந்தே வீடு திரும்புகின்றாள். அவளை முழுதாகத் திரும்ப விட முடியவில்லை என்பது பட்லரின் கருத்து. அங்கு சென்று வந்தவர் எவரும் முன்னிருந்தவராக இருக்க முடியாது. இதனை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு திறப்பு

எனக்குக் கதைகள் அயலிலிருந்தே வருகின்றன. எமது ஒழுங்கையில் வசிக்கும் அக்கா ஒருவர், இடம்பெயரும்போது பூட்டிய வீட்டின் திறப்பை இன்னமும் வைத்திருக்கின்றார். அந்த வீட்டில் இன்று சுவருமில்லை, கதவுமில்லை. அந்தத் திறப்பை எந்தக் கதவில் போட்டாலும் பழைய வீடு திறந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். திறக்கும், ஆனால் அங்கிருந்து எதனையும், எவரையும் கூட்டிவர முடியாது. அந்த ஒரு விதியில் முழுக்கதையும் வந்துவிட்டது.

எழுத முன்னர் அவரிடம் கேட்டேன். “எழுது பிள்ளை. ஆனா கிணத்தடியிலை நிண்ட கறுத்தக்கொழும்பானை விட்டிடாதை” என்றார். கதையில் ஊரும் பெயரும் வேறு. மாமரம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

நீங்களும் எழுதலாம்

• வீட்டிலுள்ள ஒரு பொருளை எடுங்கள். அது பேசினால், திறந்தால், மறந்துபோனால் என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

• நடக்க முடியாதது ஒன்றே போதும். மற்றவை அனைத்தும் நீங்கள் கண்ணால் கண்டபடி இருக்கட்டும்.

• அதற்கு ஒரு விதியும் விலையும் வையுங்கள். விலை இல்லாத அற்புதம் மனதில் நிற்காது.

• மற்றவரின் துயரத்தை அவரிடம் கேட்காமல் எழுத வேண்டாம்.

• எழுதும்போது மனம் பதறினால் கொப்பியை மூடி வையுங்கள். நம்பிக்கையான ஒருவரோடு சற்று இருங்கள். கதை காத்திருக்கும்.

காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருக்கும் பெண், அவர் இருக்கிறார் என்றோ இல்லை என்றோ எழுத மாட்டாள். அந்த முடிவை அவளிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. அதிகற்பனைக் கதை அதனைக் கேட்பதில்லை. கதவு திறந்திருக்க, உள்ளே விளக்கு எரிய, அவ்விடத்திலேயே கதையை நிறுத்திவிடலாம். சகோதரிகளே, இன்றிரவு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.