தீபம் தெரிய ஒரு முற்றம்

மார்கழியில் சென்னை சபாக்களில் கச்சேரி முடிந்ததும் ரசிகர்கள் நேராக வீட்டுக்குப் போவதில்லை. கேன்டீன் பக்கம் நகர்கிறார்கள். வாசலில் நின்று அன்றைய ராக ஆலாபனையை அலசுகிறார்கள். அந்த அரைமணி நேரத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்துக் கட்டப்பட்ட அரங்குகள் உலகில் உண்டு. சிங்கப்பூரில் 2002-இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கின் வெளியே, மரினா விரிகுடாவைப் பார்த்தபடி ஒரு திறந்தவெளி மேடை இருக்கிறது. டிக்கெட் வாங்காதவரும் அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம்.

அரங்கு வேறு, முற்றம் வேறு என்ற பிரிவே இல்லாத இடத்தைப் பார்க்க விரும்புகிறவர் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும்.

அருணாசலேஸ்வரர் கோயில் கிழக்கு நோக்கியது. மலை அதன் பின்னால், மேற்கே நிற்கிறது. 217 அடி உயர ராஜகோபுரத்தைக் கடந்தால் வலப்பக்கம் ஆயிரங்கால் மண்டபம், இடப்பக்கம் சிவகங்கை தீர்த்தம். மண்டபம், குளம், ராஜகோபுரம் ஆகிய திருப்பணிகளைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். கோபுரம் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவு பெற்றது. வல்லாள கோபுரம், கிளி கோபுரம் இரண்டையும் தாண்டினால் கொடிமரம் உள்ள மூன்றாம் பிராகாரம்.

கார்த்திகை தீபத்தன்று மாலை இங்கேதான் எல்லாம் நடக்கிறது. பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருளியிருக்க, உள்ளேயிருந்து அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருகிறார். அவர் தரிசனம் தருவது சில நிமிடங்களே. ஆறு மணிக்குக் கொடிமரத்தின் அருகே அகண்ட தீபம் ஏற்றப்படும்போதே, 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபமும் எரியத் தொடங்குகிறது. மேற்கே பார்த்து நிற்கிறவர் முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. சுவாமி வரும் திசையிலேயே மலையும் இருப்பதால் கண்ணைச் சற்று உயர்த்தினால் போதும்.

இந்தக் காட்சிக்கு அடிப்படை தூரம். உயரமான மதிலை ஒட்டி நின்றால் மதில்தான் தெரியும். அதன் பின்னால் எவ்வளவு பெரிய மலை இருந்தாலும் மறைந்துவிடும். பின்னால் நகர நகர மதில் தாழ்ந்து மலை எழும்பும். ஆகவே முற்றத்தின் அளவைத் தீர்மானிப்பது எத்தனை பேர் நிற்கலாம் என்ற கணக்கு மட்டுமல்ல, எங்கே நின்றால் எது தெரியும் என்ற கணக்கும்தான்.

ஒலிக்கும் ஒரு கணக்கு உண்டு. சுவரில்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி சுமார் 6 டெசிபல் குறைகிறது. அதனால்தான் முற்றத்திலும் வீதியிலும் நாதசுவரமும் தவிலும் கோலோச்சுகின்றன. வீணை அங்கே எடுபடாது. எதிர்ச்சுவர் 17 மீட்டருக்கு அப்பால் இருந்தால் எதிரொலி தனியாகக் காதில் விழும். ஒலிபெருக்கியை மதிலைப் பார்த்துக் கட்டும்போது பாட்டு குழம்புவதற்கு இதுவே காரணம்.

கூட்டக் கணக்குதான் உயிர் சம்பந்தப்பட்டது. பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, நின்று பார்க்கும் இடத்தில் 10 சதுர மீட்டருக்கு 47 பேர் என உச்ச வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் நெருங்க நெருங்க மனிதர் தன் காலில் நிற்பதில்லை. கூட்டம் தள்ளும் பக்கம் போகிறார். எங்கோ ஒருவர் தடுமாறினால் அந்த அழுத்தம் அலையாகப் பரவும். 2022-இல் சியோலின் இத்தேவோன் பகுதியில் சரிவான குறுகிய சந்து ஒன்றில் 159 பேர் இறந்தது இப்படித்தான். நமக்கு 1992 கும்பகோணம் மகாமக நெரிசலே போதுமான எச்சரிக்கை.

திருவண்ணாமலையின் வெளி மதிலில் நான்கு திசைக்கும் ஒரு கோபுர வாசல் இருப்பது இந்த வகையில் பெரிய பலம்: ராஜகோபுரம், திருமஞ்சன கோபுரம், பேய்க் கோபுரம், அம்மணி அம்மன் கோபுரம். ஒரு வழியாக விட்டு மறு வழியாக அனுப்பலாம். வெளியே மாட வீதிகளின் அகலத்துக்குத் தேர்தான் அளவுகோல். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் முக்கில் திரும்பும்போது கவனித்தால் புரியும். வடம் பிடிப்பவர்கள் பக்கவாட்டில் விரிந்து நடக்க வேண்டும். முட்டுக்கட்டை போடுபவர் சக்கரத்துக்கு அருகே குனிந்து கட்டையைச் செருகி, நொடியில் விலகியாக வேண்டும். அப்படி விலக அவருக்கு இரண்டடி இடம் இல்லாவிட்டால் தேர் நகரக் கூடாது.

ராஜகோபுரத்துக்கு முன்னால் வணிக வளாகம் கட்டும் அறநிலையத்துறைத் திட்டத்துக்கு 2023-இல் எதிர்ப்பு எழுந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. வருகிறவர்களுக்குக் கடை வேண்டும் என்பது நியாயமான தேவை. செருப்பு வைக்க இடம், குடிநீர், கழிப்பறை, நிழல், வெயிலில் கல் சுடாமலிருக்க நார் விரிப்பு, பூக்காரப் பெண்கள் உட்காரத் திண்ணை, எல்லாமே வேண்டும். ஆனால் இவற்றைக் கோபுரத்தின் நேர் எதிரே வைக்காமல் பக்கத் தெருக்களில், வெளியேறும் பாதையிலிருந்து விலக்கி வைக்கலாம். தீபம் தெரிந்த மறுகணமே பெருங்கூட்டம் 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்காக ஒரே நேரத்தில் திரும்புகிறது. அப்போது வாசலுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டிகூட நிற்கக் கூடாது.