டிரான்ஸ்பார்மர் ஏன் முனகுகிறது?

தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி உட்கார்ந்திருக்குமே, டிரான்ஸ்பார்மர், ராத்திரியில் தெரு அடங்கியதும் அது 'ம்ம்ம்ம்' என்று முனகுவதைக் கேட்டிருக்கிறீர்களா? உள்ளே மோட்டார் கிடையாது, சுழலும் சக்கரமும் கிடையாது. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த சட்டம், அதன்மேல் கம்பிச்சுருள்கள், சூடு தணிக்க எண்ணெய். இருப்பதெல்லாம் இவ்வளவுதான்.

மேலே வரும் கம்பியில் 11,000 வோல்ட். நம் வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட். வேடிக்கை என்னவென்றால், மின்சாரம் நுழைகிற சுருளும் வெளியேறுகிற சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை! பிறகு எப்படித் தாண்டுகிறது?

1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் இதற்கு விடை கிடைத்தது. கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லரின் மகன், சிறுவயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். சுமார் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பாதியில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றினார், மறுபாதியில் இன்னொன்றை. இரண்டாவது சுருளின் கம்பி, சற்றுத் தள்ளியிருந்த ஒரு காந்த ஊசியின் மேலாகப் போயிற்று. முதல் சுருளில் பேட்டரியை இணைத்தாரோ இல்லையோ, ஊசி துள்ளியது! ஆனால் உடனே அடங்கி, பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பேட்டரியில் இருந்து மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஊசியோ அசையவில்லை. பேட்டரியைக் கழற்றியபோது மறுபடி ஒரு துள்ளல்.

விஷயம் அந்தத் துள்ளலில்தான் இருக்கிறது. மின்சாரம் இரும்பைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தம் ஒரே அளவில் இருந்தால் பக்கத்துச் சுருளில் எதுவும் நடக்காது. கூடும்போதும் குறையும்போதும் மட்டுமே அங்கே மின்சாரம் பிறக்கும். அதனால்தான் டிரான்ஸ்பார்மரில் பேட்டரி மின்சாரத்தைச் செலுத்திப் பயனில்லை. நம் ஊர் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. காந்தம் ஒரு கணம்கூடச் சும்மா இருப்பதில்லை. மறுபக்கச் சுருளில் மின்சாரம் பிறந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சுருளில் சுற்றுகள் எத்தனை மடங்கு குறைவோ, வோல்ட்டும் அத்தனை மடங்கு குறையும்.

முதலிலேயே 230 வோல்ட்டாக அனுப்பினால் என்ன? கம்பி சூடாகியே பெரும்பகுதி வீணாகிவிடும். வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால், அதே மின்திறனுக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். அப்போது கம்பியில் வீணாகும் வெப்பம் நூறில் ஒரு பங்காகிவிடும்.

சரி, முனகல்? இரும்பு காந்தமாகும்போது அதன் நீளம் துளியூண்டு மாறும். கண்ணால் பார்க்கவே முடியாது. மின்னோட்டம் முன்னே போகும்போது ஒரு தடவை, பின்னே வரும்போது ஒரு தடவை என்று நொடிக்கு 100 முறை தகடுகள் இப்படி அதிர்கின்றன. நம் காதில் விழுவது அந்த அதிர்வுதான்.

அடுத்த முறை எதிர்ச்சாரியில் நின்று கேட்டுப் பாருங்கள், கரண்ட் போனால் முனகலும் நின்றுவிடும். ஆனால் பந்தோ பட்டமோ உள்ளே விழுந்துவிட்டது என்று வேலிப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். 11,000 வோல்ட், தொடாமலேயே பாயக்கூடியது.