சிறு கணினிப் பெட்டியும் கோடை உஷ்ணமும்

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சர்வதேச ஆராய்ச்சி நிலையமாகிய இக்ரிசாட், சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை முதலிய மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து வருகிறது. அங்குள்ள 'லீசிஸ்கேன்' என்னும் அமைப்பு, செடிகளின் இலைப் பரப்பை ஒளிக்கதிர்களைக் கொண்டு முப்பரிமாணத்தில் அளக்கிறது. படங்களின் வாயிலாகப் பயிரின் நிலையை அறியும் இத்தகைய முறைகள் களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் எட்டத் தொடங்கியுள்ளன. ஏராளமான படங்களை விரைவாகக் கணிப்பதற்குக் கணினியில் கிராபிக்ஸ் அட்டை உதவுகிறது. இடத்தையும் செலவையும் கருதிச் சிறு பெட்டியில் சிறு அட்டையைப் பொருத்துவோர், முதலில் உஷ்ணத்தைக் கணக்கிட வேண்டும். பட்டான்செருவில் மே மாதப் பகல் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸை எட்டுவதுண்டு.

அட்டை பெறும் மின்சக்தி ஏறக்குறைய முழுவதும் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. 'ஆர்டிஎக்ஸ் 3050' அட்டையின் 6 ஜிபி வகைக்கு 70 வாட் போதும். 'ஆர்டிஎக்ஸ் 4060' வகைக்கு 115 வாட் தேவை. உள்ளே செல்லும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேற வேண்டுமானால், முன்னதற்கு விநாடிக்குச் சுமார் 6.5 லிட்டரும், பின்னதற்குச் சுமார் 11 லிட்டரும் காற்று வேண்டும். நெருக்கமான பெட்டியில் வழி அடைபட்டால், வெளியேறிய சூடான காற்றையே அட்டை மீண்டும் இழுக்கும். 25 டிகிரி காற்றில் 70 டிகிரியில் நிற்கும் சில்லு, அதே வேலையை அதே விசிறி வேகத்தில் செய்தால், 40 டிகிரி காற்றில் சுமார் 85 டிகிரியை அடையும். வரம்பை எட்டியதும் அட்டை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சப்தமும் இதிலிருந்தே பிறக்கிறது. சிறிய விசிறி போதிய காற்றைத் தள்ள மிக வேகமாகச் சுழல வேண்டும். சுழற்சியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சப்தம் சுமார் 5 டெசிபெல் தணியும். வகுப்பறையில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

இதற்கு எளிய பரிகாரம் உண்டு. சில்லின் மின்னழுத்தத்தையும் துடிப்பு வேகத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதன் மின் செலவு சுமார் 27 சதவீதம் குறையும். வேலையின் வேகமோ பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையாது. காற்றுத் துளைகளைச் சுவரிலிருந்து விலக்கி வைப்பதும், தூசியை அவ்வப்போது அகற்றுவதும் அவசியம்.

ஆகவே, அட்டையின் மதிப்பை அதன் முதல் நிமிட வேகத்தைக் கொண்டு நிர்ணயித்தல் தகாது. கோடைப் பிற்பகலில் அரைமணி நேரம் இடைவிடாது இயக்கி, கடைசிப் பத்து நிமிடங்களில் எத்தனை படங்களைக் கணித்தது என்று எண்ணுக. அந்த எண்ணிக்கையை விலையுடன் ஒப்பிடுவதே சரியான அளவுகோலாகும்.