காலிப்பருக்குள் ஒரு ரப்பர் வளையம்

பழைய காரின் முன் பிரேக் மக்கர் செய்ய ஆரம்பித்தால் பட்டறையில் முதலில் காதில் விழுவது, "காலிப்பர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான். மாற்றினால் வேலை முடிந்துவிடும், பெரும்பாலும். ஆனால் காலிப்பர் அவ்வளவு லேசில் போய்விடுகிற பொருள் அல்ல. வார்ப்பிரும்பில் ஒரு கட்டி, உள்ளே ஒரு பிஸ்டன், இரண்டு ரப்பர், வெளியே இரண்டு பின். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பிரேக் பேட் தேயும், டிஸ்க் தேயும். காலிப்பர் தேய்வது அபூர்வம். அது இறுகிச் சிக்கிக்கொள்ளும். எங்கே சிக்கியது, ஏன் சிக்கியது என்று பார்க்காமல் மாற்றினால் புதிதாகப் போட்டதும் கொஞ்ச நாளில் அதே கதிக்கு வரும்.

பிரேக் மிதியை 20 கிலோ விசையில் அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மிதி ஒரு நெம்புகோல். அது ஐந்து மடங்கு பெருக்கிக் கொடுத்தால் மாஸ்டர் சிலிண்டருக்கு 100 கிலோ போய்ச் சேரும். மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர், காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 48 மில்லிமீட்டர் என்றால் பரப்பளவில் கிட்டத்தட்ட 5.8 மடங்கு வித்தியாசம். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னது இங்கே வேலை செய்கிறது. பேடைப் பிஸ்டன் தள்ளும் விசை 570 கிலோவைத் தாண்டிவிடும்.

மாருதி 800 போன்ற சின்ன வண்டிகளில் இருப்பது ஃபுளோட்டிங் காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான். அது உள் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். எதிர்விசையில் காலிப்பர் உடம்பு முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப் பேடை மறுபுறம் அழுத்தும். ஆக, பிஸ்டன் நகர வேண்டும், உடம்பும் நகர வேண்டும். இரண்டில் எது நின்றாலும் கோளாறுதான். ஜாகுவார், எம்ஜி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் எதிரெதிராகப் பிஸ்டன்கள் இருந்தன; உடம்பு அசையாது, பின்களின் தொல்லையும் இல்லை.

வேகத்தை விழுங்கும் பிரேக் அதை வெப்பமாகத்தான் வெளியே தள்ளுகிறது. நாலு பேர் ஏறிய மாருதி 800 சுமார் 900 கிலோ. 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து ஒரு முறை நிறுத்தினால் பிறக்கும் வெப்பம், குடத்துத் தண்ணீர் முக்கால் லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். வண்டி முன்னால் குனிவதால் அதில் பெரும்பங்கு முன் பிரேக்கின் தலையில் விழுகிறது. டிஸ்க் பிரேக் முதலில் முன்சக்கரத்துக்கு வந்ததற்கு இதுதான் காரணம். திறந்த வெளியில் சுழலும் தட்டு, மூடிய டிரம்மைவிடச் சீக்கிரம் ஆறும்.

யோசனை புதிதல்ல. பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். செம்புப் பட்டை உலோகத் தட்டில் உரசிய கிறீச் சத்தத்தை யாரும் பொறுத்துக்கொள்ளவில்லை. 1953இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பிறகுதான் கார்க் கம்பெனிகள் திரும்பிப் பார்த்தன. 1955இல் பிரான்சின் சிட்ரோன் டிஎஸ் முன்சக்கர டிஸ்க்கோடு பெருமளவில் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் அம்பாசடரும் பிரிமியர் பத்மினியும் நெடுங்காலம் நாலு சக்கரத்திலும் டிரம்மோடுதான் ஓடின.

காலிப்பரின் சூட்சுமம் அந்த இரண்டு ரப்பரில் ஒன்றில் இருக்கிறது. வெளியே தெரியும் டஸ்ட் கவர் அல்ல. உள்ளே, சிலிண்டர் சுவரில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் சீல். பார்க்க வளையல் மாதிரி உருண்டையாக இருக்காது, குறுக்கே வெட்டினால் சதுரம். எண்ணெய் கசியாமல் தடுப்பது அதன் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. டிஸ்க் காலிப்பரில் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டன் முன்னே போகும்போது அதை இறுகப் பிடித்திருக்கும் சீலின் உள் விளிம்பும் கூடவே கொஞ்சம் போய் வளைகிறது. மிதியை விட்டதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்கு நிமிரும். நிமிரும்போது பிஸ்டனையும் இழுத்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான் அந்த நகர்வு. பேட் டிஸ்க்கை விட்டு விலக அது போதும்.

பேட் தேயத் தேய, பிஸ்டன் அந்தச் சிறு பின்னத்துக்கு மேல் போக வேண்டிவரும். அப்போது அது சீலுக்குள் வழுக்கி முன்னேறி, புது இடத்தில் பிடி கொடுக்கும். டிஸ்க் பிரேக்கை யாரும் டைட் வைக்க வேண்டியதில்லை என்பதன் ரகசியம் இதுதான். ஸ்பிரிங் இல்லை, திருகு இல்லை, சில நூறு ரூபாய் கிட்டில் வரும் ஒரு ரப்பர். எந்திரவியலில் எனக்குப் பிடித்த சிக்கனங்களில் இது ஒன்று.

இந்த வளையத்தைக் கெடுப்பது தண்ணீர். கிளைகால் வகைப் பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் ஈரம் ஏறியபின் 140 டிகிரி இருந்தாலே தரக்கட்டுப்பாட்டில் தேறிவிடும். டாட் 4க்கு இதே கணக்கு 230, 155. ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், ஈரமேறிய ஆயில் காலிப்பருக்குள் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், மிதி தரை வரை போகும். கீழ் கியரில் இறங்கு என்று பலகை வைத்திருப்பது வேலையற்று அல்ல.

கொதிப்பது அப்போதைய ஆபத்து. துருப்பிடிப்பது மெல்ல நடப்பது. ஈரம் பள்ளத்தில் தங்கி, சீலுக்குப் பின்னால் துருவும் பொருக்கும் கட்டும். பள்ளம் குறுகினால் சீல் பிஸ்டனை நெரிக்கும். வளைந்து நிமிர அதற்கு இடம் இருக்காது. பிஸ்டன் போகும், வராது. தினமும் ஓடும் டாக்சியைவிட, மாதக்கணக்கில் ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் காரில்தான் இது அதிகம். கடற்கரை ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இனி நோய்க்குறி. வண்டி சும்மா ஓடும்போதே ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரேக் போடும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தால், வலது பக்கம் பிடிக்காமல் இருக்கலாம். பேடைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு: உள் பேட் காகிதமாகி வெளிப் பேட் கனமாக இருந்தால் பெரும்பாலும் பின் இறுகியிருக்கிறது. பின்னைக் கழற்றி, துடைத்து, உரிய கிரீஸ் போட்டால் முடிகிற வேலைக்கு முழுக் காலிப்பரை மாற்றிவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

சக்கரம் இறுகிப் பிடித்திருக்கும்போது ஒரு சோதனை உண்டு. ஒரு ஸ்பானர் போதும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் காலிப்பர் மேலிருக்கும், ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கான பிளீடர் நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் சட்டென்று விடுபட்டால் குற்றவாளி காலிப்பர் அல்ல; உள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கிறது. அடுத்து, நிப்பிளை மூடி, மிதியை அழுத்தி மறுபடி பிடிக்க வைத்து, இரும்புக் குழாய் ரப்பர் ஹோஸோடு சேரும் இடத்தைத் தளர்த்துங்கள். அங்கே விடுபட்டால் தொல்லை மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடுபடவில்லை என்றால் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ஊறி வீங்கி வழியை அடைக்கும். காலின் பலம் ஆயிலைத் தள்ளிவிடும், திரும்பி வரத் தள்ள யாருமில்லை. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் அசையவில்லை என்றால்தான் பிஸ்டனையோ பின்னையோ குறை சொல்ல வேண்டும்.

பிஸ்டனை வெளியே எடுப்பதில் அவசரம் கூடாது. ஹோஸைக் கழற்றும் முன்பே பிரேக் மிதியை மெல்ல அழுத்தி முக்கால்வாசி வெளியே தள்ளிவிடுவது நல்ல வழி. சுத்தியலுக்கு வராத பிஸ்டன் ஆயில் அழுத்தத்துக்கு வரும். கழற்றிய பிறகு என்றால் காற்று. பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரத்துண்டை வைத்து, கம்ப்ரெசரைத் துளித் துளியாகத் திறக்க வேண்டும். விரலை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஒன்றும் நடக்காதது போல் இருந்து, திடீரென்று டப்பென்று மரத்தில் வந்து மோதும். அந்தக் கம்ப்ரெசரால் பேட் தூசியை ஊதுவதும் வேண்டாம்; பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்துப் போட்டுவிடுங்கள்.

பழைய சீலை ஈர்க்குச்சி அல்லது மூங்கில் குச்சியால் கிளப்புங்கள். ஸ்குரூடிரைவர் பள்ளத்தின் விளிம்பைக் கீறும். கீறினால் அங்கே கசியும். பிறகு அந்தப் பள்ளத்தைப் பொறுமையாகச் சுரண்டுங்கள். மூலையில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொருக்கு முழுவதும் வர வேண்டும். கிட் போட்ட காலிப்பர் மறுபடி இறுகினால், பல நேரம் இந்த மூலையைச் சுத்தம் செய்யாததே காரணம். கழுவ பிரேக் கிளீனரோ புதிய பிரேக் ஆயிலோ போதும். நம் பட்டறைகளில் எதையும் டீசல் தட்டில் முக்குவது வழக்கம்; பெட்ரோலும் ஓடும். இதில் மட்டும் கூடாது. இந்த வகை ஆயிலுக்கான சீல் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். பெட்ரோலியம் பட்டால் ஊதிப் பெருக்கும்.

அடுத்து, தேறுமா தேறாதா என்ற தீர்ப்பு. சிலிண்டர் சுவரில் கறையும் சின்னக் குழிகளும் தெரிந்ததும் "உள்ளே போச்சு" என்று ஒதுக்கிவிடுவார்கள். டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டருக்கு அது சரி. அங்கே ரப்பர் கப் பிஸ்டனோடு நகர்ந்து சுவரில் உரசுகிறது, சுவர் வழுவழுப்பாக இருந்தாக வேண்டும். காலிப்பரில் சீல் சுவரில் நிற்கிறது, உரசுவது பிஸ்டனின் மேல். ஆகவே பார்க்க வேண்டியது பிஸ்டனை. குரோம் உரிந்திருக்கிறதா, டஸ்ட் கவர் கிழிந்து தண்ணீர் புகுந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். லேசான கறையை ஈரமாக்கிய மிக நைஸ் உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து எடுக்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் கசிவுக்கு வாய்க்கால் வெட்டியதாகும். நகம் தட்டினால் புதுப் பிஸ்டன். பள்ளத்தின் விளிம்பே அரித்திருந்தால் காலிப்பரைத் தூக்கிப் போட வேண்டியதுதான், அதில் சமாதானம் கிடையாது.

பூட்டும்போது சீலையும் பிஸ்டனையும் புதுப் பிரேக் ஆயிலில் நனைத்து, கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். சாய்ந்தால் சிக்கும், சுத்தியலை எடுக்காமல் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். பின்களுக்கு ரப்பரை ஊற வைக்காத சிலிக்கான் கிரீஸ். பேரிங்குக்குப் போடும் கிரீஸ் அல்ல. ஹோஸ் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு வேடிக்கையான தவறு உண்டு. இடது காலிப்பரும் வலது காலிப்பரும் பல வண்டிகளில் மாற்றிப் பூட்டினாலும் பொருந்திவிடும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே நிற்கும், வழி கீழே இருக்கும். டப்பா டப்பாவாக ஆயில் ஊற்றினாலும் மிதி பஞ்சு போலவே இருக்கும். நிப்பிள் எப்போதும் உச்சியில்.

ஏர் எடுப்பதற்கு இரண்டு பேர். ஒருவர் காரில், ஒருவர் சக்கரத்தடியில். "அமுக்கு தம்பி... பிடிச்சுக்கோ... ம், விடு." பிடித்திருக்கும்போது நிப்பிளைத் திறந்து, மிதியை விடும் முன் மூட வேண்டும். பழைய வண்டியில் மிதியைத் தரை வரை அமுக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள் வருடக்கணக்கில் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் போய்க் கிழிபடும். காலிப்பர் வேலைக்கு வந்த வண்டி மாஸ்டர் சிலிண்டர் வேலையோடு திரும்பும். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை போட்டால் தீர்ந்தது. சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும்.

புதிதா, கிட்டா? பாகம் தாராளமாகக் கிடைக்கும் வண்டிக்கு, பிஸ்டனும் போய்விட்டது என்றால் புதிது வாங்குவதே லாபம். பாகம் நின்றுபோன வண்டிக்குப் பழைய உடம்பை விடாதீர்கள். பிஸ்டனை லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அளவும் மெருகும் துல்லியமாக இருக்க வேண்டும். எதுவானாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே செய்யுங்கள், ஒரு பக்கம் மட்டும் புதிதானால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கக்கூடும். வண்டியை நகர்த்தும் முன் மிதி கெட்டியாகும் வரை அடித்துக்கொள்ள வேண்டும், முதல் அழுத்தில் பிரேக் இருக்காது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து இரண்டு முன்சக்கர ரிம்மின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். சூடு ஒன்றுபோல் இருந்தால் சரி. மறுநாள் காலையில் நிப்பிள் அருகிலும் ஹோஸ் போல்ட் அருகிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஆயில் மாற்றிய தேதியை பானட்டுக்கு அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டும்.