ஒரு சிறு தேசத்தின் திராட்சைக் கொடி

மதுபானத்தைப் பற்றி நமது கொள்கை நேயர்கள் அறிந்ததே. ஏழையின் கூலியைக் குடிக்கடை விழுங்குவதை நாம் ஆதரித்ததில்லை, ஆதரிக்கப் போவதுமில்லை. ஆயினும், திராட்சை மதுவைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட மேனாட்டு ஆசிரியர்கள் சிலர் செய்துள்ள காரியமொன்று, தேசபக்தர் யாவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கதாக இருக்கிறது.

நெடுங்காலமாக இவ்வாசிரியர்களின் புகழ்மாலையெல்லாம் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ, பர்கண்டி முதலிய சில பிரதேசங்களுக்கே சூட்டப்பட்டு வந்தது. அதன் பயனாக, பூமியின் பல பாகங்களிலும் குடியானவர்கள் தம் முன்னோர் வளர்த்த கொடிகளைக் கைவிட்டுப் பிரெஞ்சுக் கொடிகளையே நட்டனர். பின்னர் சிலர் தம் பார்வையைத் திருப்பினர். ஜான்ஸிஸ் ராபின்ஸன், ஜூலியா ஹார்டிங் என்னும் ஆங்கில மாதர் இருவரும், ஹோஸே வுயாமோஸ் என்னும் ஸ்விஸ் விஞ்ஞானியும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் 1,368 திராட்சை வகைகளை விவரிக்கிறது. உலகம் பெயர் கேட்டறியாத எத்தனையோ கொடிகளுக்கு அதில் இடம் கிடைத்தது.

அவ்விதம் வெளிச்சத்துக்கு வந்த நாடுகளில் முதன்மையாகச் சொல்லத்தக்கது ஜார்ஜியா. கருங்கடலுக்குக் கிழக்கே, காகஸஸ் மலைச்சாரலில் உள்ள சிறு தேசம் அது. அதற்கே உரிய திராட்சை வகைகள் 500க்கும் மேற்பட்டவை. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு திராட்சை மது செய்யப்பட்டதென்பது, பழைய மட்பாண்டத் துண்டுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகளால் 2017இல் வெளியாயிற்று. அங்குள்ளோர் க்வெவ்ரி என்னும் முட்டை வடிவான பெரிய மண்தாழியின் உட்புறத்தில் தேன்மெழுகு பூசி, அதைக் கழுத்தளவு மண்ணில் புதைக்கின்றனர். காகேதிப் பிரதேசத்தில் ரஸத்துடன் தோல், விதை, காம்பு யாவற்றையும் அதிலிட்டு மூடி, குளிர்காலம் கழிந்தபின் திறக்கின்றனர். வெள்ளைத் திராட்சையும் இம்முறையால் அம்பர் நிறம் பெறுகிறது.

இத்தகைய செல்வம் அழியும் நிலைக்கு வந்ததேன்? அந்நிய ஆதிக்கமே காரணம். 1801இல் கிழக்கு ஜார்ஜிய ராஜ்யத்தை ருஷ்யச் சக்கரவர்த்தி விழுங்கினார். 1918இல் தேசம் சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1921இல் செஞ்சேனை புகுந்து அதை முடித்தது. பிறகு மாஸ்கோவின் திட்டப்படி சர்க்கார் ஆலைகள் எழுந்தன. குணம் பின்தள்ளப்பட்டது, அளவே பிரதானமாயிற்று. ர்கத்ஸிதெலி, ஸபெராவி முதலிய சில வகைகளே எங்கும் பரவ, ஏனையவை மறையலாயின. 1985இல் கோர்பசேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் ஏராளமான தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. மதுவிலக்கை விரும்பும் நாமும் இதை மெச்சோம். ஒரு ஜனசமூகம் தானே உணர்ந்து ஏற்கும் ஒழுக்கம் வேறு. தொலைதூரத் தலைநகர் இடும் கட்டளை வேறு. அக்காலத்தில் க்வெவ்ரி முறையை உயிருடன் காத்தவர்கள் தம் வீட்டுத் தேவைக்காகத் தாழியைப் புதைத்துவந்த கிராமத்துக் குடியானவர்களேயாவர்.

1991இல் அரசியல் விடுதலை கிட்டியது. ஆனால் சந்தை விடுதலை கிட்டவில்லை. சரக்கின் பெரும்பகுதியை ருஷ்யாவே வாங்கிவந்தது. 2006இல் இரு தேசங்களுக்கும் பிணக்கு முற்றியபோது, பூச்சிமருந்து முதலிய கலப்புகள் இருப்பதாகக் காரணம் காட்டி, ருஷ்யா ஜார்ஜிய மதுவை அடியோடு தடுத்தது. ஒரே கதவை நம்பிய வீட்டுக்கு அக்கதவு அடைபட்டால் கதியென்ன?

அப்பொழுதுதான் பிற கதவுகளைத் தட்டவேண்டியதாயிற்று. அதற்கு எழுத்தாளர்கள் துணை நின்றனர். இத்தாலியரான யோஸ்கோ க்ராவ்னர் 2000ஆம் ஆண்டிலேயே அங்கு சென்று, கண்ட முறையைத் தம் தோட்டத்தில் கையாளத் தொடங்கியிருந்தார். 2013இல் யுனெஸ்கோ க்வெவ்ரி முறையை மனித சமூகத்தின் கலாசாரச் செல்வமாக அங்கீகரித்தது. அமெரிக்க ஆசிரியை ஆலிஸ் ஃபைரிங் 2016இலும், ஆங்கிலேயர் ஸைமன் வூல்ஃப் 2018இலும் வெளியிட்ட நூல்கள், க்வெவ்ரி என்ற ஜார்ஜியச் சொல்லை ஜார்ஜிய உருவிலேயே பிற நாட்டார் நாவில் பழகச் செய்தன. சிறு தேசத்துக்கு இது அற்பமான லாபமன்று.

எனினும் நாம் ஏமாறலாகாது. 2013இல் ருஷ்யா தடையை நீக்கிற்று. 2023இல் ஜார்ஜிய மது ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டது மீண்டும் அங்கேயே சென்றது. விற்பனைக்குச் செய்யப்படும் மதுவில் க்வெவ்ரியில் விளைவது இன்றும் சிறு பங்கே. நூலாசிரியன் புகழைத் தேடித் தரலாம். அப்புகழைப் பொருளாக்கி, ஒருவன் தயவை நாடாத வாழ்வாக்கிக்கொள்வது அந்தந்த ஜனங்களின் முயற்சியைப் பொறுத்தது. எளிதாகக் கிடைக்கும் பழைய சந்தை இனிக்கத்தான் செய்யும். அவ்வினிப்பில் 2006ஆம் ஆண்டின் கசப்பு மறக்கப்படுமாயின், கதவு மறுபடியும் அடைபடும் நாளில் எந்த எழுதுகோலும் அத்தேசத்தைக் காக்க வல்லதாகாது. கொடியைக் காத்த குடியானவனின் பிடிவாதம் அரசியல் நடத்துவோருக்கும் வேண்டும்.