மகிழுந்தின் சுமையும் சேம அச்சும்

மயிற்பீலி மிக மெல்லியது. ஆயினும் அதனையே அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என வள்ளுவப் பெருந்தகை ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உவமை காட்டுகின்றார். அரசனுக்குக் கூறப்பெற்ற அறிவுரையே எனினும், அவ்வுவமையில் வண்டித் தொழிலின் நுட்பம் அடங்கியுள்ளது. சுமை ஒரே நாளில் ஏறுவதன்று; சிறிது சிறிதாகச் சேர்வது. மாட்டுவண்டி நின்ற முற்றங்களில் இன்று மகிழுந்துகள் நிற்கின்றன. வண்டி மாறியதே தவிர, சுமை பற்றிய உண்மை மாறவில்லை.

இலக்கியம் பயிற்றும் யாம் பொறியியல் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

இலஞ்சியில் நிகழ்ந்தது

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் அண்மையில் உள்ள இலஞ்சியில் எம் இல்லம் உள்ளது. எம்மிடம் பழைய மாருதி 800 ஒன்று உண்டு. பட்டயப் பொறியியல் பயிலும் எம் தமையனார் மகன் ஒருநாள், “சாச்சா, எஞ்சினைத் தொடாமலே இந்த வண்டியை ஓட வைக்கிறேன், பாருங்க” என்றார். பின்னிருக்கை, மாற்றுச் சக்கரம், ஜாக்கி, தரைவிரிப்பு, கதவுகளின் உள்தகடுகள் ஆகியவற்றைக் கழற்றி, அருகிருந்த அரிசி ஆலையின் மேடைத் தராசில் நிறுத்தார். ஏறத்தாழ 40 கிலோ இருந்தது. வண்டியும் முன்னைவிடத் துள்ளலாகவே ஓடிற்று. யாமும் அன்று அதனைப் பாராட்டினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்த திங்களில் புனலூரில் ஒரு திருமணம். முதுமையுற்ற எம் அன்னையாரும் உடன் வந்தமையால் பின்னிருக்கை மட்டும் மீண்டும் பொருத்தப்பெற்றது. மாற்றுச் சக்கரமும் ஜாக்கியும் வீட்டுக் கொட்டகையிலேயே கிடந்தன. திரும்பி வருகையில், புளியரை மலைப்பாதையின் வளைவு ஒன்றில், இரவுச் சாரலில், சக்கரம் காற்றிழந்தது. இரக்கமுள்ள லாரி ஓட்டுநர் ஒருவர் தம் ஜாக்கியைத் தந்து, கழற்றிய சக்கரத்தோடு தம்பியையும் செங்கோட்டைக்கு ஏற்றிச் சென்றார். அவர் மீண்டுவர மூன்று மணி நேரம் ஆயிற்று. லாரிகள் உரசிச் செல்லும் அவ்வளைவில் எம் அன்னையார் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருந்தார். அவர் கடிந்துகொள்ளவில்லை. “வண்டி லேசாயிட்டு வாப்பா, நம்ம பாடுதான் பாரமாயிட்டு” என்று மட்டும் பேரனிடம் கூறினார்.

அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. எச்சுமையைக் குறைக்கலாம், எச்சுமையைக் குறைத்தலாகாது என்பதே ஈண்டு நாம் ஆராயவிருக்கும் பொருள்.

எடையும் ஆற்றலும்

ஒரே விசை கொடுக்கும்போது எடை குறைந்த பொருள் விரைவாக வேகம் பெறும் என்பது நியூட்டன் வகுத்த விதி. ஆகவே ஒரு வண்டியின் திறத்தை அறிய எஞ்சினின் குதிரைத்திறனை மட்டும் நோக்குதல் போதாது. ஒவ்வொரு குதிரைத்திறனும் எத்தனை கிலோவைச் சுமக்கின்றது என்பதையும் நோக்க வேண்டும்.

1983 டிசம்பர் 14 அன்று முதன்முதலாக உரிமையாளர் கைக்கு வந்த மாருதி 800 இதற்குத் தக்க சான்றாகும். அக்காலச் சாலைகளில் ஆட்சி செலுத்திய அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையும் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் உடையது. மாருதியின் எஞ்சினோ 796 கன சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 650 கிலோ. முன்சக்கரங்களையே எஞ்சின் இயக்கியமையால், வண்டியின் அடியில் பின்சக்கரம் வரை ஓடும் நீண்ட சுழல்தண்டு அதற்குத் தேவைப்படவில்லை. எஞ்சின் குறுக்காக அமைந்தமையால் முன்பகுதியும் சுருங்கிற்று. சிறிய எஞ்சின் பெரிய வண்டியோடு ஈடுகொடுத்து ஓடியதன் மறைபொருள் இதுவே.

பிற்கால மாருதி 800-இன் ஆற்றல் ஏறத்தாழ 37 குதிரைத்திறன். வெற்று வண்டியில் ஒவ்வொரு குதிரைத்திறனும் பதினேழரைக் கிலோவைச் சுமக்கின்றது. 65 கிலோ எடையுள்ள நால்வர் ஏறினால் மொத்த எடை 910 கிலோ. ஒவ்வொரு குதிரைத்திறனின் பங்கும் ஏறத்தாழ 25 கிலோ ஆகிவிடுகின்றது. அதன்மேலும் 40 கிலோ வீண்சுமை இருப்பின், அதனை இறக்குவது எஞ்சினுக்கு ஒன்றரைக் குதிரைத்திறன் கூட்டியதற்கு ஒப்பாகும். அவ்வாற்றலைக் காசு கொடுத்து வாங்குவது கடினம். இறக்கி வைப்பதற்கோ காசே வேண்டா.

பயன் விரைவோடு நிற்பதில்லை. மலையேற்றத்தில் ஒவ்வொரு கிலோவையும் எஞ்சின் தூக்கியாக வேண்டும். இறக்கத்திலோ அதே கிலோவைப் பிரேக்குகள் தாங்கியாக வேண்டும். சுமை குறைந்தால் எரிபொருட் செலவு குறையும். பிரேக்குகள் சூடேறுவதும் குறையும்.

சக்கரங்களின் எடை தனிச்சிறப்பு வாய்ந்தது. சக்கரம் முன்னே நகர்வதோடு தானும் சுழல்கின்றது. ஆதலின், வேகம் கூட்டும்போது, சக்கரத்தின் வெளிவிளிம்பில் குறையும் ஒரு கிலோ, உடற்பகுதியில் குறையும் ஏறத்தாழ இரண்டு கிலோவுக்கு நிகராகும். பந்தய வண்டிகளுக்கு எடை குறைந்த உலோகக் கலவைச் சக்கரங்களைத் தேர்வது இதனாலேயே ஆகும்.

பந்தயக் களம் கற்பித்த பாடம்

எடைக் குறைப்பின் அருமையைப் பந்தய வீரர்கள் நன்கு அறிவர். பெங்களூரின் சிபானி நிறுவனம் 1982-இல் வெளியிட்ட டால்ஃபின், கண்ணாடி இழையால் ஆன உடலும் 848 கன சென்டிமீட்டர் அலுமினிய எஞ்சினும் கொண்டது. இரு கதவே உடைய அவ்வண்டியை இல்லத்தார் பெரிதும் விரும்பவில்லை. பந்தயக்காரர்களோ அதன் எடையின்மைக்காகவே அதனை நாடினர்.

நம் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மேலும் ஒருபடி சென்றார். மாருதி 800-இன் எஞ்சினையே எடுத்து, கூரையும் கதவும் இல்லாத ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை 1980-களின் இறுதியில் அவர் உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ எனப் பெயர் பெற்ற அவ்வகை வண்டியில் பயின்றவர்களுள் ஒருவரே, 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995-இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயக்களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மாணவர்கள் இங்கு ஒன்றை உன்னிக் கவனித்தல் வேண்டும். பந்தய வண்டியில் கூரை இல்லை. ஆனால் வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் எஃகு வளையம் உண்டு. மெத்தை இல்லை, ஆனால் தோளையும் இடுப்பையும் பிணிக்கும் வலிய வார்கள் உண்டு. எடையைப் பெரும்பகை எனக் கருதும் பந்தயக்காரரே உயிர்காக்கும் எடையை மனமுவந்து ஏற்றுக்கொள்கின்றனர்.

எல்லை கடந்த சிக்கனம்

2008-இல் அறிமுகமாகி 2009-இல் விற்பனைக்கு வந்த டாட்டா நானோ, எடையையும் விலையையும் குறைப்பதில் பெருமுயற்சி. 624 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஏறத்தாழ 600 கிலோ எடை, கண்ணாடி துடைக்க ஒரே துடைப்பான், சக்கரத்திற்கு நான்குக்கு மாறாக மூன்றே திருகுகள் என ஒவ்வோர் உறுப்பும் கணக்கிட்டு அமைக்கப்பெற்றது. பொறியியல் நோக்கில் அது பாராட்டத்தக்கதே. எனினும் 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் ஆய்வில், காற்றுப்பை இல்லாத நானோ ஒரு விண்மீனும் பெறவில்லை. அதே தொகுதியில் ஆராயப்பெற்ற ஆல்டோ 800-இன் நிலையும் அதுவே. இதனால் எடை குறைந்த வண்டிகள் யாவும் காப்பற்றவை எனல் பொருந்தாது. வலிமை மிக்க எஃகைத் தக்க இடத்தில் பயன்படுத்தினால், எடையைக் குறைத்தும் உறுதியைக் காக்கலாம். ஆனால் அது தொழிற்சாலையில் வடிவமைப்போர் செய்ய வேண்டிய பணி. வீட்டு முற்றத்தில் திருப்புளியால் செய்வதன்று.

வீட்டில் பின்னிருக்கையைக் கழற்றுவதில் வேறோர் இடரும் உண்டு. முன்சக்கர இயக்க வண்டியில் எடை ஏற்கெனவே முன்புறம் மிகுந்திருக்கும். பின்புறம் மேலும் எடை இழந்தால், ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தும்போது பின்சக்கரங்கள் முன்னதாகவே சுழற்சி நின்று வழுக்கும். குற்றாலச் சாரலில் நனைந்த சாலைகளில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், பதிவுச் சான்றிதழில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் தன்விருப்பில் மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது. இருக்கை எண்ணிக்கையும் அவ்விவரங்களுள் ஒன்று.

குறைக்கத்தக்கன, குறைக்கத்தகாதன

அவ்விரவுக்குப் பின், கழற்றிய அனைத்தையும் தம்பி மீண்டும் பொருத்தினார். அதன்பின் இருவரும் அமர்ந்து வண்டியை மறுபடியும் ஆராய்ந்தோம். ஆண்டு முழுவதும் வெறுமையாய்க் கிடந்த கூரைக் கேரியர், முன்புறத்து இரும்புக் காப்புச் சட்டம், ஒலிபெருக்கிப் பெட்டி, நிரப்பிய தண்ணீர்க் கேன், இவற்றோடு டிக்கியில் இரண்டு பெரிய நூற்கட்டுகள்! அவை முந்தைய ஆண்டுகளில் எஞ்சிய எம் துறையின் மலர்ப் படிகளே. தமிழ்ப் பணியின் சுமையை எஞ்சினும் பகிர்ந்து வந்திருக்கின்றது. இவை அனைத்தையும் அதே தராசில் நிறுத்தபோது 40 கிலோவுக்குச் சற்று மேலாகவே இருந்தது. எதனை இழந்து விரைவு பெற்றோமோ, அதனை இழக்காமலே அவ்விரைவு கிட்டிற்று.

இதிலிருந்து தேறும் முறை எளியது. பயன்படாத பொருளை முதலில் இறக்குக. அன்றாடச் சிறு செலவுக்குத் தேவையான அளவு பெட்ரோல் இருப்பின் போதும். 10 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ ஏழரைக் கிலோ எடையுள்ளது. சக்கரங்களுக்குக் குறித்த அளவு காற்று நிரப்புக. பிரேக், இருக்கை, இருக்கை வார், கதவினுள் உள்ள காப்புச் சட்டம், மாற்றுச் சக்கரம், ஜாக்கி ஆகியவற்றில் கைவைத்தலாகாது. டியூப் இல்லாச் சக்கரங்களும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், துளையடைக்கும் கருவித் தொகுதியும் உடைய வண்டிகள் மாற்றுச் சக்கரம் இன்றி வரலாம் என 2020-இல் விதி தளர்த்தப்பெற்றது உண்மையே. அவ்வசதிகள் இல்லாத பழைய வண்டிக்கு அத்தளர்வு பொருந்தாது.

நிறைவாக

புறநானூற்றின் 102-ஆம் பாடலில், உப்பு வணிகராகிய உமணர் நிறைந்த சுமையோடு புறப்படும் காட்சியை ஔவையார் காட்டுகின்றார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என எண்ணி, அவர்கள் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்கின்றனர். பொகுட்டெழினி என்னும் தலைவனை அச்சேம அச்சோடு ஒப்பிட்டுப் புகழ்கின்றார் புலவர். அதுவும் சுமைதான். ஆனால் மற்றச் சுமைகளையெல்லாம் ஊர் சேர்க்கும் சுமை அது.

இப்பாடலை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பறையில் விளக்கியிருக்கின்றோம். அதன் பொருளை முழுமையாக உணர, புளியரை வளைவில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. வள்ளுவர் காட்டிய பீலியை இறக்குவோம். ஔவையார் காட்டிய சேம அச்சை இறக்காதிருப்போம். வண்டி ஓட்டும் இளைஞர் இவ்விரண்டையும் பிரித்தறிந்தால், வீட்டில் காத்திருக்கும் பெரியோர் கவலையின்றி உறங்குவர்.