பெயர்ப்பலகை மாறினால் ஆதரவு வருமா?

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் வணிகர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. 2016-இல் முதல் கோப்பையை வென்ற டூட்டி பேட்ரியாட்ஸ், 2021-இல் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிற்று. திருவள்ளூர் வீரன்ஸாகத் தொடங்கிக் காஞ்சி வீரன்ஸாக மாறிய அணி, அதே 2021-இல் நெல்லை ராயல் கிங்ஸ் ஆயிற்று. கோப்பை வாங்கித் தந்த பெயரைத் தூத்துக்குடி ரசிகர் இழந்தார். நெல்லை ரசிகருக்குப் புதுப்பெயர் கிடைத்தது.

ஊர்ப்பெயர் கேட்டால் மகிழ்ச்சிதான். ஆனால், ‘நேற்றுவரை காஞ்சி, இன்று நெல்லையா?’ என்ற கேள்வியும் எழும். அதற்கு ஆட்டமே விடை சொல்லவேண்டும். 2023-இல் அவ்வணி இறுதி ஆட்டம்வரை வந்தது. சங்கர் நகர் மைதானத்தில் கோவை அணியிடம் தோற்றது. அந்த உழைப்புதான் பெயரை நமதாக்கும்.

கடைப்பெயரை மாற்றும் வணிகர்கள் கவனிக்க: பழைய பெயரைச் சில மாதங்கள் பலகையில் சிறிய எழுத்திலாவது வையுங்கள். மொத்த வியாபாரிகளுக்கும் வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் 15 நாட்களுக்குள் திருத்தம் கோருங்கள். சரக்கும் எடையும் மட்டும் மாறவே கூடாது. பழைய வாடிக்கையாளர் தேடி வருவது அவற்றைத்தான்.